கைக்கூலியும் குறும்பாவும்

 

ஐந்தே அடியில் ஒரு சமூகத்தின் மானத்தை வாங்க முடியுமா? நம் வலிகாமத்துக் கவிஞர் ஒருவர் வாங்கியிருக்கிறார். மயிலிட்டியில் இருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் உள்ள அளவெட்டியில் 1927இல் பிறந்த து. உருத்திரமூர்த்திதான் அவர். 'மகாகவி' என்றால் பலருக்கும் தெரியும். அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். 1971இல், 44 வயதில் காலமானார்.

ஆங்கிலத்தில் 'லிமரிக்' என்று ஒரு வேடிக்கைப் பாட்டு உண்டு. லிமரிக் என்பது அயர்லாந்தில் ஓர் ஊரின் பெயர். எட்வர்ட் லியர் 1846இல் வெளியிட்ட நூலால் இந்த வகைப் பாட்டு பெரும் புகழ் பெற்றது. முதல் இரண்டு அடிகளும் ஐந்தாம் அடியும் ஒரே ஓசையில் முடியும். நடு இரண்டும் குட்டை அடிகள். மகாகவி இதை எடுத்து, நம் எதுகை மோனையைச் சேர்த்து, 'குறும்பா' என்று பெயர் வைத்தார். குறுகிய பா, குறும்பான பா, இரண்டும் அதுவே. லியரின் பாட்டு பெரும்பாலும் சிறுவர் சிரிப்பு. மகாகவியின் சிரிப்போ பெரியவர்களுக்கு, அதுவும் கொஞ்சம் சுடும்.

1966இல் அது நூலானது. வெளியிட்டது கொழும்பில் 'இளம்பிறை' எம். ஏ. ரஹ்மான் நடத்திய அரசு வெளியீடு. பாடியவர் அளவெட்டிக்காரர், அச்சேற்றியவர் முஸ்லிம். இதை நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அதில் ஒரு குறும்பா. முத்துக் குளிக்கப் போனவனின் முன்னால் காலன் வந்து நிற்கிறான். அவன் பதறவில்லை. காலனின் கையில் சில முத்துகளை வைத்துப் பொத்திவிடுகிறான். காலன் போய்விடுகிறான். அவ்வளவுதான் கதை. கந்தோர்களில் அலைந்து களைத்த எவருக்கும் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று கலியாணச் சந்தை பற்றியது. கார், கொழும்பில் காணி, வீடு, வயல் என்று பட்டியல் நீள்கிறது. பெண்ணைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை.

இதைப் படித்து, "அது அவர்களுடைய சீதனப் பிரச்சினை" என்று நம்மில் சிலர் சிரிக்கலாம். மார்க்கப்படி மஹர் கொடுக்க வேண்டியவன் மாப்பிள்ளை. நாமோ மஹரைப் பதிவேட்டில் ஒரு சிறு தொகையாக எழுதிவிட்டு, பெண் வீட்டில் வீடும் ரொக்கமும் வாங்குகிறோம். அந்த ரொக்கத்துக்கு நாம் வைத்த பெயர் 'கைக்கூலி'. தமிழில் லஞ்சத்துக்கும் அதே சொல்தான். காலன் வாங்கியதும் மாப்பிள்ளை வாங்குவதும் ஒன்றே என்று மொழியே சொல்கிறது. காலனாவது வாங்கிக்கொண்டு உயிரை விட்டுவிட்டுப் போனான்!

மகாகவி எப்போதும் சிரித்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1968இல் பக்கத்து மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் போகப் போராடினார்கள். அடுத்த ஆண்டு மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அவருடைய 'தேரும் திங்களும்' கவிதையில், தேர்வடம் தொட வந்தவன் கொல்லப்படுகிறான். திங்களைத் தொட்டவனும் மனிதன்தான், வடத்தைத் தொடக்கூடாது என்றவனும் மனிதன்தான்.

1990 ஜூனில் மயிலிட்டி மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முகாமில் எல்லோருக்கும் ஒரே வரிசை. அங்கே சாதியும் சீதனமும் அழிந்துவிடும் என்றுதான் நினைத்தோம். 2017 ஜூலையில் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது. வீடுகள் இடிந்து கிடந்தன, கிணறுகள் தூர்ந்து கிடந்தன. ஆனால் சாதியையும் சீதனத்தையும் நாம் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டோம். மகாகவி இருந்திருந்தால் இதற்கு ஐந்தடி போதும்.

ஒரு வேண்டுகோள். இடப்பெயர்வில் எத்தனையோ வீட்டு நூல்கள் அழிந்தன. 1966ஆம் ஆண்டுக் 'குறும்பா' பதிப்பு யாரிடமாவது தப்பியிருந்தால், பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாள் தந்து உதவுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம். கைக்கூலி தரமாட்டோம்.