பெரட்டு இல்லாத தோட்டம்

ஈப்போவில் ஒரு பேரங்காடியின் கீழ்த்தளத்தில் பொங்கலுக்காகத் 'தோட்டத்து வீடு' ஒன்று போட்டிருந்தார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, வாசலில் கோலம், அம்மி, மண்ணெண்ணெய் விளக்கு, தூணில் சாய்த்த காண்டா கம்பு, இரண்டு வாளிகள். படம் எடுத்துக்கொள்ள நீண்ட வரிசை. அம்மாவை நான்தான் கூட்டிப்போயிருந்தேன். இருபத்திரண்டு வருஷம் பால்மரம் வெட்டியவர். ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. கித்தா வாசம்தான் இல்ல" என்றார்.

பழைய காலத்தை இப்படிச் சந்தையாக விரிப்பது அமெரிக்கர்களுக்குப் பெருந்தொழில். அவர்கள் அதை 'ரெனைசான்ஸ் ஃபேர்' என்கிறார்கள். முதலாவது 1963 மே மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. பிலிஸ் பேட்டர்சன் என்ற ஆசிரியை தன் வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளுக்குப் பழைய இத்தாலியக் கோமாளி நாடகத்தைப் பழக்கிக்கொண்டிருந்தார். அதிலிருந்து பிறந்த யோசனை. அவரும் கணவர் ரானும், நேயர் நன்கொடையில் ஓடிய ஒரு வானொலி நிலையத்துக்கு நிதி திரட்ட, முதலாம் எலிசபெத் காலத்துச் சந்தையை இரண்டு நாள் நடத்தினார்கள். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தப்பட்டு ஹாலிவுட்டில் வேலை இழந்தவர்கள் சிலரும் அதற்குக் கைகொடுத்தார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. விற்க இடமில்லாத குயவர்களுக்கும் தோல் வேலைக்காரர்களுக்கும் அது கடை ஆனது. தெரு வித்தைக்காரர்களுக்கு மேடை ஆனது. பிற்பாடு உலகப் புகழ்பெற்ற பென், டெல்லர் என்ற மந்திரவாதிகள்கூட இத்தகைய சந்தைகளில் வித்தை காட்டி வளர்ந்தவர்கள்தான்.

ஆனால் வரலாறு அங்கே எவ்வளவு? சந்தையின் அடையாளமாகிவிட்ட வான்கோழிக் கால் அமெரிக்கக் கண்டத்துப் பறவையினுடையது. இங்கிலாந்துக்குப் போனதே பதினாறாம் நூற்றாண்டில்தான். அதே நூற்றாண்டில் லண்டனைத் திரும்பத் திரும்பத் தாக்கிய கொள்ளைநோயை அந்தச் சந்தையில் தேடி யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. வருகிறவர்களுக்கு வேண்டியது ராணியும் வாள்வீரனும்.

பேராக்கில் இதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடியது பத்து காஜாவின் கெல்லி கோட்டை. ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் கெல்லி ஸ்மித் 1915 வாக்கில் தன் ரப்பர் தோட்டத்தில் கட்டத் தொடங்கியது. கட்டியவர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். 1918இன் தொற்றுக் காய்ச்சலில் அவர்களில் பலர் இறந்துபோனார்கள். அப்புறம் தொழிலாளர்களுக்காகப் பக்கத்தில் மாரியம்மன் கோயில் எழும்பியது. அதன் மேலே சாமி சிலைகளுக்கு நடுவில் கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார், கெல்லிதான் என்கிறார்கள். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மாளிகை அரைகுறையாகவே நின்றுபோனது. 1999இல் வந்த 'அன்னா அண்ட் த கிங்' படத்துக்கு அங்கே காட்சிகள் எடுத்தார்கள். இன்றைக்கு வருகிறவர்கள் வளைவுகளில் சாய்ந்து துரை மாதிரியும் துரைசானி மாதிரியும் படம் எடுக்கிறார்கள், பேய்க்கதை கேட்கிறார்கள். செங்கல் சுமந்தவனாக நின்று படமெடுக்க அங்கே ஓர் இடம் இல்லை.

நம்மவர்கள் போடும் தோட்டத்திலும் இதே குறை உண்டு. அம்மியைக் கொண்டுவந்தவர்கள் பெரட்டைக் கொண்டுவரவில்லை. விடியுமுன் இருட்டில் வரிசையாக நின்று, கிராணி பேர் வாசிக்கக் காத்திருப்பது தோட்டம். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை. 1950களில் ஐரோப்பியர்கள் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றுவிட்டுப் போனபோது, சுங்கை சிப்புட்காரரான வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணத்தில் அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் வாங்கப்பட்டது. கோலப்போட்டிக்கும் உறியடிக்கும் நடுவில் இதை நடித்துக்காட்ட ஏன் ஒருவருக்கும் தோன்றுவதில்லை? ஏழ்மை அழகாகத் தெரிகிற மூலையை மட்டும் வெட்டியெடுத்து வைத்துக்கொள்கிறோம்.

இதையெல்லாம் அன்றைக்கே அம்மாவிடம் பொரிந்து தள்ளினேன். அவர் காதில் வாங்கவில்லை. ஏற்பாட்டுக் குழுப் பெண் ஒருத்தி, கல்லூரி மாணவியாக இருக்கும், காண்டா கம்பை இரண்டு தோள்களுக்கும் குறுக்காக, சிலுவை மாதிரி வைத்துக்கொண்டு படத்துக்கு நின்றாள்.

"அப்படி இல்லம்மா" என்று அம்மா உள்ளே போய்விட்டார். கயிற்றைத் தாண்டித்தான்.

"நீங்க தூக்கியிருக்கீங்களா பாட்டி?"

"தூக்காம? ஒத்தத் தோளுல வை. முன்னால ஒரு வாளி, பின்னால ஒரு வாளி. நேரா நடந்தா பால் சிந்திரும். இடுப்ப லேசா ஆட்டி, கம்பு ஆடுறதோட சேந்து நடக்கணும்."

கம்பை வாங்கி நடந்தும் காட்டினார். மூட்டுவலிக்காரர். வரிசையில் நின்றவர்கள் போனைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "எந்தத் தோட்டம்மா நீங்க?" என்று கேட்டார். அம்மா பேர் சொன்னதும், "அங்கதான் என் மாமா கிராணி" என்றார் அவர். அம்மாவின் முகம் மாறியது.

"அவரா? ஈரம் பட்ட பால்னு எங்க ஆளுங்க கணக்குல எத்தன தடவ கொறச்சிருக்காரு தெரியுமா?"

அந்த மனிதர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு இருவரும் அந்தப் பொய் வீட்டின் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். படம் எடுக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். நான் கார் நிறுத்தக் கட்டணம் ஏறிக்கொண்டிருப்பதைச் சொல்லப் போய், சொல்லாமல் திரும்பினேன். பேச்சு அப்போது 1978இன் ஒரு சம்பள நாளுக்குப் போயிருந்தது.