புரட்சியும் தாய்மொழியும்

பிரான்சின் தென்மேற்கு மூலையில், பிரனீஸ் மலைக்கும் அத்திலாந்திக் கடலுக்கும் இடையே, இரு மொழிகள் அயலவராய் வாழ்கின்றன. ஒன்று பாஸ்க், உலகில் உயிர்வாழும் வேறெம்மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. மற்றது கஸ்கோன், இலத்தீனிற் பிறந்தது. ஆயினும் இரு பெயர்களுக்கும் மூலம் ஒன்றே: உரோமர் வழங்கிய ‘வாஸ்கோனெஸ்’ என்னும் இனப்பெயர். பாஸ்க்குக்கு உறவான பழைய மொழியைப் பேசிய மக்களே காலப்போக்கில் இலத்தீனை ஏற்றுக் கஸ்கோனியராயினர் என்பர் மொழியறிஞர்.

பாஸ்க் பகுதிகளுள் ஒன்றான லபூரில் ‘பில்சார்’ என்றொரு சபை இருந்தது. ஊர்களின் பிரதிநிதிகள் உஸ்தாரிட்ஸ் என்னுமிடத்திற் கூடிப் பொதுக் காரியங்களைத் தீர்மானித்தனர். பிரபுக்களுக்கும் குருமாருக்கும் அதில் இடமில்லை. மன்னராட்சி கோலோச்சிய பிரான்சில் இது சிறிய காரியமன்று.

1789 ஆகஸ்ட் 4ஆம் நாள் இரவு பிரெஞ்சுப் புரட்சி பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. நாம் என்றும் போற்றும் இரவு அது. ஆனால், பிரதேசங்களின் பழைய உரிமைகளும் அவற்றோடு அள்ளுண்டு போயின, பில்சாரும் மறைந்தது. 1790இல் மூன்று பாஸ்க் பகுதிகளும் கஸ்கோன் பேசும் பெயார்னும் ஒரே மாவட்டமாக்கப்பட்டன. லபூரின் பிரதிநிதிகளான கரா சகோதரர் எதிர்த்தும் பயனில்லை.

1794 ஜனவரியில், புரட்சித் தலைவர்களுள் ஒருவரான பரேர் தேசிய மகாசபையில் எழுந்து, பாஸ்க்கை மதவெறியின் மொழியெனச் சாடினார். அவர் பிறந்த தார்ப் நகரமோ கஸ்கோன் மண்! அவ்வாண்டிலேயே, இளைஞர் எல்லை கடந்து ஸ்பெயினுக்கு ஓடினர் என்று காரணங்காட்டி, சார் முதலிய ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் வீடுகளினின்று பெயர்த்தெடுக்கப்பட்டு வெளியிடங்களில் அடைக்கப்பட்டனர். பலர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோர் பிரபுக்களல்லர். உழைத்துண்ட எளிய மக்கள்.

வாளுக்குப்பின் பள்ளிக்கூடம் வந்தது. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளையிடம் அவமானச் சின்னமாக ஒரு பொருளைக் கொடுத்தனர். அடுத்துப் பேசிப் பிடிபடும் பிள்ளைக்கு அது கைமாறும். தோழனைக் காட்டிக்கொடுக்கப் பழக்கிய இக்கல்வியைப் பாஸ்க் பிள்ளையும் கஸ்கோன் பிள்ளையும் ஒருங்கே அனுபவித்தனர்.

1969இல் பாஸ்க் பெற்றோர் ‘இகஸ்தோலா’ என்னும் தாய்மொழிப் பள்ளியைத் தாமே தொடங்கினர். 2017இல் 158 ஊர்கள் இணைந்து பாஸ்க் பகுதிக்கெனப் பொது நிர்வாக அமைப்பொன்று பிறந்தது. எனினும், 2021இல் பிரான்சின் அரசியலமைப்பு மன்றம், பிரதேச மொழியிலேயே பாடங்களைப் போதிக்கும் முறை அரசியலமைப்புக்கு முரணெனத் தீர்த்தது. கஸ்கோனின் நிலை இன்னும் நலிந்தது.

புரட்சி ஈட்டித்தந்த சமத்துவத்தை நாம் ஒருபோதும் குறைத்து மதியோம். அதனாலேயே அதன் தவறையும் எடுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம். மக்கள் யாவரும் ஒரே மொழி பேசினாற்றான் சமமாவர் என்று அது மயங்கிற்று. எம்மொழியிற் பேசினும் உழைப்பவனின் சொல் சபையேறும் நாளிலேதான் அந்த ஆகஸ்ட் இரவின் வாக்குறுதி நிறைவேறும்.