ஒற்றைப் பிறப்பும் பரலோக நம்பிக்கையும்
கொக்குவிற் சூழலை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மறுமை பற்றிய நம்பிக்கை இம்மையின் துயரங்களைப் பொறுத்துக்கொள்ளப் பழக்குவது என்னும் கருத்து முற்போக்குச் சிந்தனையாளரிடையே பெருவழக்கானது. மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், 1844இல் எழுதிய அதே பந்தியில், அது துயரத்தின் வெளிப்பாடாகவும் துயரத்துக்கு எதிரான கண்டனமாகவும் இருப்பதைச் சுட்டினார் என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்த புரட்டஸ்தாந்தக் கிறிஸ்தவம் முன்வைத்த பரலோக நம்பிக்கை, மக்களின் அன்றாட வாழ்வை எவ்வாறு மாற்றியது, எவ்விடத்தில் மாற்றாது நின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்குக் கொக்குவிலை நாம் நிலைக்களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. புகையிலைத் தோட்டங்களாலும் சுருட்டுத் தொழிலாலும் அறியப்பட்ட இக்கிராமம் பெரும்பான்மையும் சைவச் சூழலைக் கொண்டது. இதற்குக் கிழக்கே நல்லூரில் 1818 முதல் சேர்ச் மிஷன் சங்கத்தார் பணியாற்றினர். வடமேற்கே மானிப்பாய் அமெரிக்க மிஷனின் மருத்துவ நிலையமாக விளங்கியது. தெற்கே, ஆறுமுக நாவலரின் சைவ மறுமலர்ச்சிக்கு மையமாக அமைந்தது வண்ணார்பண்ணை. இம்மூன்று மையங்களுக்கும் இடைப்பட்ட ஊராதலின், அந்நம்பிக்கையை ஏற்றோர் வாழ்வில் மட்டுமன்றி, ஏற்காதோர் வாழ்விலும் அது விளைத்த மாற்றங்களைக் கொக்குவிலிலிருந்து காண்பது எளிதாகின்றது.

முதலில், பரலோகம் என்னும் கருத்தில் யாழ்ப்பாணத்தவருக்குப் புதிதாயிருந்தது யாது என்பது தெளிவுபடல் வேண்டும். இன்ப உலகம் பற்றிய எண்ணம் தமிழருக்குப் புதிதன்று. சைவ மரபு சுவர்க்கத்தை நல்வினைப் பயன் தீருமளவும் நிலைக்கும் இடமாகவும், வீட்டுப்பேற்றைப் பிறப்பறுத்த நிலையாகவும் பிரித்துக் கண்டது. பிறப்புகள் பலவாதலால் காலமும் நீண்டது. கிறிஸ்தவமோ மனிதனுக்குப் பிறப்பு ஒன்றே என்றும், அதன் முடிவில் நித்திய ஜீவனோ நித்திய தண்டனையோ நிச்சயமாகும் என்றும் போதித்தது. ஆகவே அன்றாட வாழ்வைத் தாக்கிய புதுமை, பரலோகத்தின் இன்பத்திலும் பார்க்க, ஒற்றைப் பிறப்பு என்னும் அவசரத்திலேயே தங்கியிருந்தது எனலாம்.

இவ்வவசரத்தின் முதல் விளைவு எழுத்தறிவு. வேதாகமத்தை ஒவ்வோர் ஆன்மாவும் தானே வாசித்தறிய வேண்டும் என்பது புரட்டஸ்தாந்தரின் கொள்கை. ஆன்மாவுக்கு ஆண், பெண் என்னும் வேறுபாடு இல்லையாதலின் பெண்ணும் வாசிக்க வேண்டியவளானாள். பெண்கல்வி அருகியிருந்த ஒரு சமுதாயத்தில் 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலை தோன்றியதற்கு இதுவே கருத்தியல் அடிப்படை. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1841இல் 'உதயதாரகை'ப் பத்திரிகையும் தோன்றின. ஞாயிற்றுக்கிழமை ஓய்வும், மணியடித்துத் தொடங்கும் வகுப்பும், தன் நடத்தையைத் தானே நாள்தோறும் கணக்கிடும் பழக்கமும் கிராமங்களுள் நுழைந்தன. கல்வினிய மரபினரின் மறுமைக் கவலை உலகியல் ஒழுங்காக உருமாறியதை மாக்ஸ் வேபர் 1904-05இல் விளக்கினார். யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாருட் பெரும்பாலோரும் அம்மரபில் வந்த நியூ இங்கிலாந்துச் சபைகளைச் சேர்ந்தோரே.

ஆயின், கற்பித்தோர் நோக்கமும் கற்றோர் நோக்கமும் ஒன்றாயிருக்கவில்லை. ஆங்கிலக் கல்வி அரசாங்க உத்தியோகத்துக்கு வழி என்பதை யாழ்ப்பாணத்தவர் விரைவிலேயே உணர்ந்தனர். சிறு நிலத்தைப் பல பிள்ளைகளுக்குப் பங்கிட வேண்டியிருந்த குடும்பங்களுக்கு அது பெரும் ஆறுதலாயிற்று. செமினரி சுவிசேஷகரிலும் பார்க்க உத்தியோகத்தரையே உருவாக்குகின்றது என்னும் மனக்குறை மிஷன் தலைமையிடம் வலுப்பெற்று, 1855இல் அது மூடப்பட்டது. அச்செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். பின்னர் இருவருமே சைவத்துக்குத் திரும்பினர். தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். பரலோக வழியைக் காட்டுதற்கு எழுந்த கல்விக்கூடம், சங்க இலக்கியம் அச்சேறுவதற்கும் ஆளணியை அளித்தமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

மருத்துவத்துறையில் இவ்வுறவு மேலும் துலக்கமாகின்றது. 1847இல் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயிலிருந்து பணியாற்றி, மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய துறைகளில் நூல்களைத் தமிழாக்கியும் ஆக்குவித்தும் கலைச்சொற்களை வகுத்தார். ஆன்மாவே நித்தியமானது, உடல் மண்ணாகப் போவது என நம்பிய ஒருவர், அம்மண்ணுடலின் எலும்புகளுக்கும் நரம்புகளுக்கும் தமிழ்ப் பெயர் தேடிப் பல்லாண்டு உழைத்தார். 1884இல் தம் தாயகத்தில் மறைந்த அவருடைய கல்லறை, தமிழருக்கான மருத்துவச் சுவிசேஷகர் என்றே அவரை அடையாளப்படுத்துகின்றது. நோயாளியின் படுக்கையருகே மருந்தும் போதனையும் ஒருங்கே வந்தன. போதனையை ஏற்காதோரும் மருந்தைப் பெற்றனர்.

இத்தாக்கத்துக்குச் சைவம் அளித்த எதிர்வினை வெறும் மறுப்பாக அமையவில்லை. பீற்றர் பேர்சிவலுடன் வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த நாவலர், மிஷனரிமாரின் கருவிகளை அவர்களிடமே கற்றார். 1847 டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் அவர் தொடங்கிய பிரசங்கம் ஞாயிறு ஆராதனைப் பிரசங்கத்துக்குச் சைவம் கண்ட விடையாகும். 1848இல் அவர் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், பின்னர் அவர் அமைத்த அச்சகமும், எழுதிய பாலபாடங்களும் அவ்வகையினவே. 1910இல் தொடங்கிய கொக்குவில் இந்துக் கல்லூரியும் 1913இல் மருதனார்மடத்தில் எழுந்த இராமநாதன் மகளிர் கல்லூரியும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கன. பரலோகத்தை ஏற்காத கொக்குவில், அந்நம்பிக்கை கொண்டுவந்த வகுப்பறையை ஏற்றுத் தனதாக்கிக்கொண்டது.

எனினும் ஓரிடத்தில் ஒற்றைப் பிறப்பின் தர்க்கம் தன் முடிவுவரை செல்லவில்லை. அவ்விடம் சாதி. தாழ்ந்த பிறப்பு முற்பிறப்பின் தீவினைப்பயன் என்னும் விளக்கம் சாதியமைப்புக்கு நியாயம் கற்பித்து வந்தது. முற்பிறப்பே இல்லையெனின் அந்நியாயமும் இல்லை. ஆகவே கிறிஸ்தவ நம்பிக்கை சாதியின் கருத்தியல் வேரை அறுக்க வல்லதாயிருந்தது. நடைமுறை வேறாயிற்று. விடுதி மாணவர் உணவைச் சமைப்பவர் யார், உடனிருந்து உண்பவர் யார் என்பவை மிஷன் நிலையங்களின் தொடக்க காலத்திலிருந்தே சிக்கல்களாயின. உயர்சாதிப் பிள்ளைகளை இழக்க விரும்பாத நிறுவனங்கள் பலவாறு இணங்கிப் போயின. பரலோகத்தில் ஒரே பந்தியில் அமரப் போகின்றவர்கள் இங்கே ஒரே வாங்கில் அமரவில்லை. 1920களின் இறுதியில் பாடசாலைகளிற் சமஆசனம் கோரப்பட்டபொழுதும் எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. பாடசாலைகள் சில தீக்கிரையாயின. சமத்துவத்தை இம்மைக்கு இறக்கும் பணியை 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரசும் (பின்னாளில் வாலிபர் காங்கிரஸ்), பிற்காலத்தில் இடதுசாரிகளும் ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கங்களும் ஏற்றன. அவ்வாலிபர் காங்கிரசின் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பச் சூழலில் வளர்ந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, பரலோக நம்பிக்கையை வெறும் மயக்கமருந்து என ஒதுக்குவதும், விடுதலையின் ஊற்று எனப் போற்றுவதும் ஒருசேரப் பொருந்தாமை புலனாகும். ஆதிக்க சாதியினரின் உலகியல் நலனோடு முரண்படாத துறைகளில் அந்நம்பிக்கை பாடசாலையாகவும் மருத்துவமனையாகவும் அச்சுப்பொறியாகவும் விரைந்து உருப்பெற்றது. அந்நலனோடு முரண்பட்ட துறையில் அது மறுமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒரு நம்பிக்கை மண்ணிற்கு இறங்குவதும் வானத்திலேயே நிற்பதும் அதன் வேத வசனங்களால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை; அதனை ஏந்துவோரின் சமூக நிலையும் அதனைத் தீர்மானிக்கின்றது.

இக்கருத்தைக் கிராமந்தோறும் சோதித்தறிவதற்குத் திருச்சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் பழைய பாடசாலைகளின் சேர்வு இடாப்புகளும் இன்றியமையாதன. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டது. 1987இல் போர் கொக்குவிலுக்குள்ளேயே நிகழ்ந்தது. 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. இத்துணை அழிவுக்கும் தப்பிய ஏடுகளில் எந்தச் சாதிப் பிள்ளை எந்த ஆண்டில் எந்த வகுப்பிற் சேர்க்கப்பட்டது என்பதற்குச் சான்று இருக்கக்கூடும். அவற்றைத் தேடித் தொகுப்பது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.