தனி டம்ளர்: டீக்கடையிலிருந்து பேன்ட்ரி வரை

ஆபீஸ் டீயைப் பற்றிப் புலம்பாத ஐடிக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. மெஷினில் காப்பி பட்டனை அழுத்தினால் முந்தின ஆள் பிடித்த டீயின் மிச்சமும் சேர்ந்து வரும். நாலு மணிக்குச் சரியாகப் பால் தீரும். எங்கள் ஆபீஸில் பேப்பர் கப்பை நிறுத்தி ஆளுக்கொரு மக் கொடுத்தார்கள். மூணே மாதத்தில் பாதி காணோம். மிச்சமிருந்தவர்கள் பெயர் ஒட்டி டிராயரில் பூட்டிக்கொண்டோம். இந்தக் கூத்தில்தான் ஒன்று கண்ணில் பட்டது. ஹவுஸ்கீப்பிங் அக்காக்களுக்கு மக்கே கிடையாது. சிங்க்குக்கு அடியில் இருக்கும் இரண்டு எவர்சில்வர் டம்ளர்தான் அவர்களுக்கு. யாரும் உத்தரவு போடவில்லை. கேட்டால், "அப்படியே பழகிருச்சு சார்."

அருப்புக்கோட்டை - திருச்சுழிப் பக்கம் வளர்ந்தவனுக்குத் தனி டம்ளர் என்பது புது விஷயமில்லை. அதனால் இது எங்கிருந்து தொடங்கியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன்.

எங்கள் வறண்ட சீமைக்கு டீ வந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. அதற்கு முன்னால் நீராகாரம், கம்மங்கூழ், மோர், பருவத்தில் பதநீர். உடம்புக்கு முடியாவிட்டால் சுக்கும் கருப்பட்டியும். அசாமிலும் நீலகிரியிலும் விளைந்த தேயிலை பெரும்பாலும் கப்பலேறிப் போனது. ஏற்றுமதியாகும் தேயிலை மீது 1903ல் ஒரு தீர்வை போட்டு, அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தார்கள். 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் விலை சரிந்தது. 1933ல் வந்த சர்வதேச ஒப்பந்தம் ஏற்றுமதிக்கு உச்சவரம்பு கட்டியது. மிஞ்சிய இலையை யார் தலையில் கட்டுவது? நம் தலையில்தான். தேயிலைத் தீர்வைக் குழுவின் ஆட்கள் சந்தை, திருவிழா, ஆலை வாசல் என்று போய் டீ போட்டுக் காட்டிக் குடிக்க வைத்தார்கள். 1937ல் அந்தக் குழுவின் பெயரே இந்தியத் தேயிலைச் சந்தை விரிவாக்க வாரியம் என்று மாறியது. பெயரிலேயே நோக்கம் இருக்கிறது.

காப்பியின் கதை வேறு. அது நடுத்தர வர்க்கத்து வீட்டுப் பெருமையானதையும், டீ உழைப்பாளிகளின் பானமானதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். காப்பி கிளப்பில் சாதி பெயர்ப்பலகையிலேயே இருந்தது. 1957ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் பெரியார் மறியல் நடத்தியது 'பிராமணாள்' என்ற அந்தச் சொல்லை அழிக்கத்தான்.

டீக்கடைக்கு அப்படிப் பலகை எதுவும் கிடையாது. காசு கொடுத்தால் யாருக்கும் டீ. சிக்கலும் அங்கேதான். அதுவரை கிணறு தனி, தெரு தனி, சோறு அவரவர் வீட்டில். இப்போது எல்லோரும் ஒரே பாய்லர் முன்னால் வந்து நிற்க வேண்டியதாயிற்று. பாய்லரைப் பிரிக்க முடியாது, டம்ளரைப் பிரிக்கலாம். அதுதான் இரட்டைக் குவளை. காலனி ஆட்களுக்கு ஓரமாக ஆணியில் மாட்டிய தனி கிளாஸ், அதுவும் இல்லாத இடத்தில் சிரட்டை. குடித்து முடித்ததும் அவர்களே கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். நான் சின்னப் பையனாகப் பார்த்த கடையிலும் இதுதான். எனக்கு எந்த கிளாஸ் வரும் என்று யோசிக்க வேண்டிய வீட்டில் நான் பிறக்கவில்லை.

கேட்டால் 'சுத்தம்' என்பார்கள். தண்ணிப் பஞ்சத்து ஊர் எங்களுடையது. மற்ற கிளாஸ்கள் எல்லாம் காலையிலிருந்து ஒரே வாளித் தண்ணியில் முங்கி எழுந்தவை. உண்மையில் ஒவ்வொரு தடவையும் தனியாகக் கழுவப்பட்டது அந்த ஆணி கிளாஸ் ஒன்றுதான்!

தீண்டாமையை அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்தது. அடுத்து வந்த 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். கடைக்குள் நுழைவதைத் தடுப்பது மட்டுமல்ல, பொது உணவகத்தில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம் என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களுக்கு டம்ளர் விவகாரம் நன்றாகத் தெரிந்திருக்கிறது. 1976 திருத்தத்தில் இது குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. ஆணி மட்டும் பல ஊர்களில் சுவரிலேயே இருந்தது.

பிறகு அந்த கிளாஸை ஓரங்கட்டியது பெரும்பாலும் பிளாஸ்டிக் கப்தான். எல்லோருக்கும் தூக்கிப்போடும் கப் என்றால் தனிக் குவளை தேவையில்லை, அதிகாரி வந்து பார்த்தாலும் சாட்சி இல்லை. சில கடைகளில் இன்னும் சாமர்த்தியம்: சிலருக்கு கிளாஸ், சிலருக்கு மட்டும் கப். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கப்புக்கும், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்புக்கும் தடை. ஆபீஸ்களில் மக் வந்தது, கடைகளில் கிளாஸ் திரும்பியது. ஆனாலும் பல இடங்களில் கல்லாவுக்குப் பக்கத்தில் பேப்பர் கப் அடுக்கு இருக்கத்தான் செய்கிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ரோட்டோரக் கடை ஒன்றில் நின்றேன். "கிளாஸா, கப்பாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர். எனக்கு முன்னால் காலனிப் பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். அவரிடம் இந்தக் கேள்வி கேட்கப்படவில்லை. கப் தானாகவே நீண்டது. சூடு தாங்காமல் துண்டு முனையில் அதைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போய்க் குடித்தார்.