கடன் வரலாற்றைச் சீர்செய்தல் (இந்தியா)

ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றை அடைத்த விதத்தையும் காட்டும் பதிவு கடன் வரலாறு எனப்படும். இந்தியாவில் இதைத் தொகுக்கும் கடன் தகவல் நிறுவனங்களில் முதலாவது, 2000இல் தொடங்கப்பட்ட சிபில். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க் ஆகியவற்றையும் சேர்த்து நான்கு நிறுவனங்கள், ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்குகின்றன. இவை தரும் 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணைப் பார்த்தே வங்கிகள் பெரும்பாலும் கடன் மனுவைப் பரிசீலிக்கின்றன. மதிப்பெண் சரிந்தவர் முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன: பதிவில் புகுந்த பிழையை நீக்குவது ஒன்று, உண்மையிலேயே தவறிய தவணைகளுக்குப் பின் ஒழுங்கான பதிவை வளர்ப்பது மற்றொன்று. முன்னது சட்டம் தரும் உரிமை, பின்னது காலம் பிடிக்கும் உழைப்பு. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பலர் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் பணத்தை இழக்கிறார்கள்.

பிழை திருத்தம்

நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் நடைமுறையில் உள்ள விதி. தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. அறிக்கையில் ஒவ்வொரு கடனுக்கும் மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். தவணை நாளில் கட்டியிருந்தால் 000 என்றும், முப்பது நாள் தாமதம் என்றால் 030 என்றும் பதிவாகும். அடைத்து முடித்த கடன் நிலுவையில் நிற்பதும், பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போகும் இன்னொருவரின் கடன் ஏறியிருப்பதும் இங்கேதான் தெரியவரும். ஜாமீன் போட்ட கடன் தவறியிருந்தால் அது பிழையன்று. அந்தப் பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. பிழையை எதிர்த்துப் புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. முப்பது நாளுக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், 2024 ஏப்ரல் முதல், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு பெறலாம். அதன்பிறகும் பலனில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

உண்மையான தவறுகள்

சரியாகப் பதிவான தவறுதலை எவராலும் அழிக்க முடியாது. நிலுவையை முழுதாகக் கட்டுவதே முதல் வேலை. 'செட்டில்மென்ட்' என்று வங்கி ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும்போது நெருக்கடி தீர்ந்ததாகத் தோன்றும். ஆனால் கணக்கு 'முடிக்கப்பட்டது' என்று இல்லாமல் 'செட்டில் செய்யப்பட்டது' என்று பதிவாகும். அடுத்து கடன் கொடுப்பவர் அதை வங்கிக்கு நேர்ந்த நட்டமாகவே படிப்பார். கையில் பணம் சேரும்போது மீதியையும் கட்டி, நிலுவை இல்லை என்ற சான்றைப் பெற்று, பதிவை மாற்றச் சொல்வது நல்லது. பிறகு வைப்புத்தொகையின் பேரில் தரப்படும் கிரெடிட் கார்டை வாங்கி, வரம்பில் முப்பது சதவீதத்துக்குள் செலவழித்து, மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டி வந்தால் புதிய பதிவு உருவாகும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் தவறுதல் பதிவாகாது. ஆனால் வட்டி ஏறும், பாக்கி எளிதில் குறையாது. ஒரே நேரத்தில் பல இடங்களில் கடன் கேட்பதும் கேடுதான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கான விசாரணையும் அறிக்கையில் ஏறும்.

மறுப்புகளும் விடையும்

நோயாலும் வேலையிழப்பாலும் தவறியவரையும் ஏமாற்ற நினைத்தவரையும் மதிப்பெண் ஒன்றாகவே எடைபோடுகிறது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. தவணை தவறிய காரணம் அதற்குத் தெரியாது. மதிப்பெண்ணை மட்டும் பார்த்து மனுவைத் தள்ள வேண்டாம் என்று வங்கியிடம் கேட்க வேண்டும். கடனாளியும் தவணை தவறும் முன்பே வங்கியிடம் பேசிக் கடனை மாற்றியமைக்க முயல வேண்டும். அந்த மாற்றமும் அறிக்கையில் குறிக்கப்படலாம். ஆயினும் மாதக்கணக்கில் தவறுவதைவிட அது மேல். மதிப்பெண்ணின் இந்தக் குறையைக் காரணம் காட்டிப் பதிவே வேண்டாம் என்பது சரியாகாது. அடகு வைக்க நிலமோ நகையோ இல்லாத சிறுவியாபாரி தன் நாணயத்தை நிரூபிக்க இந்தப் பதிவுதான் துணை. இனிக் கடனே வேண்டாம் என்று ஒதுங்குவதும் தீர்வாகாது; புதிய பதிவு சேராத வரை பழைய தவறே கடைசிச் சாட்சியாக நிற்கும். 2025 முதல் குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது விவரம் புதுப்பிக்கப்படுவதால், இன்றைய ஒழுங்கு முன்னைவிட விரைவில் ஏட்டில் ஏறுகிறது. எனவே பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் மதிப்பெண்ணை ஏற்றித் தருவதாகச் சொல்பவர், இலவசமாகக் கிடைப்பதை விற்கிறார், அல்லது நடக்காததை விற்கிறார். இரண்டுக்கும் பணம் கொடுக்கத் தேவையில்லை.