கூத்தணிகளும் போலிமணிகளும்

போலி என்னுஞ் சொல் இக்கால வழக்கில் இழிவு குறிப்பதாகும். போலி மருந்து, போலிப் பத்திரம் என்பனவற்றில் வஞ்சகப் பொருளே மேலோங்கி நிற்கின்றது. ஆயின், இலக்கண நூலார் இச்சொல்லை அங்ஙனம் ஆளவில்லை. நிலம் என்பது நிலன் எனவும், அறம் என்பது அறன் எனவும் வருமிடத்து, ஓரெழுத்தின் இடத்தில் மற்றோரெழுத்து நின்றும் பொருள் கெடுவதில்லை. அதனையே அவர் போலி என்றனர். மணித்தொழில் வரலாற்றிலும் இவ்விருவகைப் போலிகளும் உண்டு. மெய்ம்மணி என்று கூறி வணிகன் விற்கும் கண்ணாடி முதல் வகை. அரசன் வேடம் பூண்டோன் முடியில் மிளிரும் கண்ணாடி, காண்போர் அனைவரும் அறிந்தே ஏற்றுக்கொண்ட இரண்டாம் வகை. இவ்விரண்டாம் வகையின் வரலாற்றைச் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பண்டைச் சான்றுகள்

உரோமானிய அறிஞர் பிளினி, தம் ‘இயற்கை வரலாறு’ என்னும் நூலின் 37ஆம் பகுதியில், படிகத்திற்குச் சாயமேற்றிப் பிற மணிகளைப் போலச் செய்யும் முறையை இந்தியர் கண்டறிந்தனர் என்று குறிக்கின்றார். அங்ஙனம் செய்யப்பட்டவற்றுள் பெரில் என்னும் நீலப்பச்சைக் கல்லையே அவர் சிறப்பாக எடுத்துரைக்கின்றார். இக்கல் கிடைத்த இடங்களுள் கொங்குநாட்டுப் படியூர் பெயர்பெற்றது. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில், பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் என அறிஞர் கொள்ளும் ஊரில், பெரிலும் படிகமும் சூதுபவளமும் அறுத்துத் தீட்டப்பட்டமைக்கு அகழாய்வுச் சான்றுகள் கிடைத்துள்ளன. எனினும், சாயமேற்றிய ஊர் யாதெனப் பிளினி கூறாமையின், அத்தொழிலையும் கொங்குநாட்டிற்கே உரித்தாக்குதல் பொருந்தாது. அரிக்கமேட்டில் 1945இல் வீலர் நிகழ்த்திய அகழாய்வும் அதன் பின்னர் நிகழ்ந்தவையும் வேறொரு செய்தியைத் தருகின்றன. உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, துண்டுகளாக நறுக்கி, சிறுமணிகள் அங்குச் செய்யப்பட்டன. இம்முறையால் ஒரே குழலினின்று மிகப் பல மணிகளைப் பெறுதல் இயன்றது. மணியணிதல் எளியோர்க்கும் உரியதாயிற்று.

அரங்கிலோ நிலை வேறாக இருந்தது. சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும் தலைக்கோல், பகையரசனிடம் கைப்பற்றிய குடையின் காம்பினைக் கொண்டு, கணுக்கள்தோறும் மணி பதித்துப் பொற்றகடு பொதிந்து செய்யப்பட்டதாகும். வேந்தன் புரந்த ஆடற்கு மெய்ம்மணி கிட்டியது. வேந்தன் துணையற்ற ஊர்க் கூத்தர் எதனை அணிந்து வேந்தராயினர் என்பதே நாம் வினவுதற்குரிய வினா.

2. மேனாட்டு முயற்சி

இவ்வினாவிற்கு விடை காணுமுன் ஐரோப்பியர் முயற்சியை நோக்குதல் நலம். வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42; பொதுக் கண்ணாடியினது ஏறத்தாழ 1.52. கண்ணாடி வைரம்போல் மிளிராமைக்கு இவ்வேறுபாடு ஒரு தலையாய காரணம். ஈயம் மிகுதியாகச் சேரின் அவ்வெண் 1.6க்கு மேல் உயரும். 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த ஸ்ட்ராஸ் என்னும் மணிவினைஞர் ஈயக் கண்ணாடியைப் பட்டை தீட்டிப் பெரும்புகழ் எய்தினார். 1734இல் அரசவை மணிவினைஞருமானார். அக்காலத்து வினைஞர் கல்லின் பின்புறத்தே மெல்லிய உலோகத் தகடு வைத்து, மூடிய குழியிற் பதித்தனர். கல்லினூடே கடந்து செல்லும் ஒளியைத் தகடு முன்னோக்கித் திருப்பியது. ஸ்ட்ராஸ் தம் கற்களைத் தம் பெயராலேயே விற்றார்; அப்பெயரே பின்னர் அவ்வகைக் கற்களுக்குப் பொதுப்பெயராயிற்று. ஈண்டு வஞ்சகம் இல்லை என்பது நோக்கத்தக்கது.

பொகீமியாவிற் பிறந்த டேனியல் சுவரோவ்சுக்கி 1892இல் பட்டை தீட்டும் மின்பொறிக்கு உரிமம் பெற்று, 1895இல் ஆசுத்திரியாவின் வாட்டென்சில் தொழிற்சாலை நிறுவினார். பொறியால் விலை குறைந்தது. ஆடலுடையிலும் நாடக உடையிலும் நூற்றுக்கணக்கான கற்களைத் தைத்தல் எளிதாயிற்று.

3. தெருக்கூத்தின் கட்டையணிகள்

இனித் தமிழகத்து ஊர்க் கூத்தினை நோக்குவோம். வடதமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் அரசரும் வீரருமாகிய தலைமை மாந்தர் முடி, புயக்கீர்த்தி, மார்புப் பதக்கம் முதலியன அணிவர். இவை கலியாண முருங்கை போன்ற மெல்லிய மரத்திற் கடைந்து, வண்ணத்தாளும் சிகினாத்தாளும் ஒட்டி, கண்ணாடிச் சில்லுகள் பதித்துச் செய்யப்படுவன. இவற்றிற்குக் கட்டை என்று பெயர். கட்டைக்கூத்து என்னும் வழக்கும் இதுபற்றியே எழுந்தது.

இவ்வணிகளை வறுமையின் விளைவு என்று மட்டுங் கூறி ஒதுக்குதல் பிழையாம். கூத்து இரவு முழுதும் நிகழ்வது. நடிகர் விரைந்து சுழன்றாடுவர். உலோக முடி சுமந்து விடியுமளவும் ஆடுதல் அரிது. மேலும், தீவட்டியின் ஒளியில், திடலின் கடைசியில் அமர்ந்தோர்க்குப் பட்டை தீட்டிய சிறுமணியின் நுண்ணொளி புலப்படாது. தட்டையான கண்ணாடிச் சில்லோ, தன்மேற் பட்ட ஒளியின் பெரும்பகுதியை அப்படியே வீசும். நடிகர் திரும்புந்தோறும் மின்னல்போற் பளிச்சிடும். ஸ்ட்ராசின் கல் ஒளியை உள்வாங்கிப் பின்னுள்ள தகட்டால் திருப்பியது. கூத்தின் வினைஞர் கல்லையே விலக்கித் திருப்புங் கருவியை மட்டும் கைக்கொண்டார். தொலைவும் விளக்கும் உடலுழைப்பும் எண்ணிப் பார்த்துச் செய்த தேர்வாகவே இதனைக் கோடல் வேண்டும். பெட்ரோமாக்ஸ் விளக்கும் பின்னர் மின்விளக்கும் வந்தபோதும் இச்சில்லுகள் பயனிழந்தில.

4. இக்கால வேடப்புனைவு

கதைமாந்தரைப்போல் உடைபுனையும் வழக்கம் அண்மைக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ளது. இதற்குரிய ‘காஸ்பிளே’ என்னும் சொல்லை 1983இல் வழக்கிற்குக் கொணர்ந்தவர் சப்பானிய எழுத்தாளர் நொபுயுக்கி தகஹாஷி என்பர். இன்று இவ்வேடம் புனைவோர் சிலிக்கோன் அச்சில் நிறமூட்டிய பிசினை வார்த்து இறுகச் செய்து, வேண்டிய அளவில் மணிகளைத் தாமே ஆக்கிக்கொள்கின்றனர். கனமான கண்ணாடி வேண்டுவதில்லை. ஓரச்சில் பல மணிகள் பிறக்கும். அம்மணியின் பின்புறத்தே அவர் ஒட்டுவது பளபளக்கும் தாளே. பாரிசு வினைஞரிடமிருந்தோ ஆர்க்காட்டுக் கூத்தரிடமிருந்தோ இதனைக் கற்றனர் எனல் பொருந்தாது. ஒத்த தேவை ஒத்த விடையைத் தந்தது என்றலே சாலும்.

முடிவுரை

தஞ்சைப் பெருவுடையார் கோயிற்கு முதலாம் இராசராசன் முதலியோர் அளித்த அணிகளின் எடையும், பதித்த மணிகளின் வகையும் குற்றமும் அக்கோயிற் கல்வெட்டுக்களில் விரிவாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எழுத்து இருப்பதனால் அவ்வணிகளைக் காணாமலே நாம் அறிகின்றோம். கூத்தணிகளின் நிலையோ இதற்கு மறுதலை. மரத்தைச் செல்லரிக்கும், தாள் கிழியும், கிழிந்ததைப் புதுக்குங்கால் பழைய அமைப்பு மறையும். ஓரணியின் உறுப்புக்களுக்கும் செய்முறைக்கும் உரிய சொற்கள் வினைஞரின் நாவிலேயே வாழ்வன; அவரோடு அழியக்கூடியன. முதுகலை மாணவர் ஊர்தோறும் சென்று அச்சொற்களை அளவுகளோடும் படங்களோடும் தொகுப்பாராயின், அது சொல்லாராய்ச்சிக்கும் நாடக வரலாற்றிற்கும் ஒருங்கே துணையாகும். இலக்கணப் போலிக்குச் சூத்திரம் வகுத்த மரபில் வந்த நாம், கூத்தரின் போலிக்கு ஓர் அகராதியேனும் ஆக்குதல் கடனாகும்.