சுண்ணாம்புக் கம்பமும் புலிக்காடும்

ஒரு நகரின் வரலாற்றை அதன் மாளிகைகளில் தேடுவோர் பலர். மரநிழலில் தேடுவோர் மிகச் சிலர். சிங்கைத் தமிழாசிரியர் ஆண்டுதோறும் திருத்தும் கட்டுரை ஒன்றுண்டு. ‘யான் சென்ற இன்பச் சுற்றுலா’ என்பது அதன் தலைப்பு. மாணவர் பூமலைக்குச் சென்றிருப்பர். புக்கித் தீமா குன்றில் ஏறியிருப்பர். மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் கரையில் கட்டுச்சோறு உண்டிருப்பர். தென்றல் வீசும், குயில் கூவும், குரங்கு வாழைப்பழத்தைப் பறித்துச் செல்லும். இத்தகைய கட்டுரைகளை நூற்றுக்கணக்கில் திருத்திய பின்னரே எனக்கு ஒன்று உறைத்தது. அவற்றில் மரம் உண்டு, மந்தி உண்டு. அந்த வழியை வெட்டிய மனிதன் மட்டும் இல்லை. குற்றம் மாணவருடையதன்று. நாம் சொல்லித் தந்திருந்தாலன்றோ அவர்கள் எழுதுவர்?

இன்று நாம் ‘இயற்கை எழில் கொஞ்சும் இடங்கள்’ என்று கூறுவனவற்றுள் பெரும்பாலானவை, மனிதக் கை படாத இடங்கள் அல்ல. அக்கைகளுள் பல விலங்கு பூண்டவை. அவற்றுள் தமிழர் கைகளும் இருந்தன. இதனை விளங்கிக்கொள்ளக் காட்டிலிருந்து தொடங்குதல் கூடாது. கடைவீதியிலிருந்து, நம் சிராங்கூன் சாலையிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

மல்லிகைச் சரமும் மளிகையும் மணக்கும் இந்தச் சாலையில் இயற்கைக்கு என்ன வேலை எனச் சிலர் வினவலாம். ஊர்ப் பெயர்களைச் சற்றே உரசிப் பாருங்கள். ‘கண்டாங் கெர்பாவ்’ என்னும் மலாய்த் தொடருக்கு எருமைத் தொழுவம் என்பது பொருள். எருமைச் சாலை இன்றும் பெயரளவில் நிற்கிறது. ரோச்சோர் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் சேறும் புல்லும் நீரும் நிறைந்தது. எருமைகள் கிடந்து ஊறுவதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. எனவே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாட்டு வணிகம் இங்கே தழைத்தது. கல்கத்தாவில் பிறந்த யூத வணிகரான பெலிலியோஸ் அதில் பெரும்பொருள் ஈட்டினார். அவர் பெயரிலும் ஒரு தெரு உண்டு. மாட்டை ஒட்டிப் பால் வணிகமும், செக்கும், கோதுமை அரைக்கும் தொழிலும் வளர்ந்தன. தேக்கா என்னும் பெயரைத் தேக்கு மரத்தோடு சேர்த்துப் பொருள் கூறும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்தம் தமிழ்ப்பற்று போற்றத்தக்கது; ஆயினும், அது ஹொக்கியன் சீனச் சொல். மூங்கில் அடி என்பது அதன் பொருள். அக்காலத்தில் ரோச்சோர் கால்வாய்க் கரையில் மூங்கில் வளர்ந்திருந்தது. எருமை மலாய்ச் சொல்லிலும், மூங்கில் சீனச் சொல்லிலும் தங்கிவிட்டன. தமிழ்ச் சொல்லில் தங்கியது யாது?

சுண்ணாம்பு. சிராங்கூன் சாலை வட்டாரத்தை நம் முன்னோர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றழைத்தனர். சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் ‘கம்பம்’ ஆயிற்று. சுண்ணாம்புக் காளவாய்களில் உழைத்தோர் இங்கே குடியிருந்தனர்; 1881இல் எழுந்த வீரமாகாளியம்மன் கோயில் நெடுங்காலம் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்றே வழங்கப்பெற்றது. சுண்ணாம்போடு செங்கல்லும் இச்சாலையை ஒட்டிய சூளைகளில் வெந்தது. நகரம் எழுவதற்கு வேண்டிய இரண்டும் இங்கிருந்தே சென்றன.

அந்தச் சூளைகளில் உழைத்தோருள் கூலிக்கு வந்தோரும் இருந்தனர், கைதிகளும் இருந்தனர். இந்தக் கைதிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறேன்.

ஆங்கிலேயர் சுமத்திராத் தீவின் பெங்கூலனை டச்சுக்காரர்க்கு விட்டுக் கொடுத்தபோது, அங்கிருந்த இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்கு அனுப்பினர். 1825ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த 80 பேர் முதலில் வந்திறங்கினர். ஒரு வாரம் கழித்து வங்காள மாகாணத்தினர் 122 பேர் வந்தனர். பின்னர் இந்தியாவிலிருந்து நேராகவே கப்பல்கள் வந்தன. ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் சிங்கப்பூரின் பொதுப்பணிகளுக்கு இவர்களே முதுகெலும்பு. சதுப்பு நிலத்தைத் தூர்த்தனர், சிராங்கூன் சாலையையும் புக்கித் தீமா சாலையையும் அமைத்தனர், கல் உடைத்தனர், கொத்தரும் தச்சரும் கருமாரும் ஆயினர். 1856 முதல் 1861 வரை எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1867 முதல் 1869 வரை எழுந்த இஸ்தானா மாளிகையும் அவர்கள் கைவண்ணமே. தேவாலயத்தின் உட்சுவர்க்குப் பூசிய ‘சென்னைச் சுண்ணம்’ நம் நாட்டு முறை. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுப் பூசி, காய்ந்தபின் பளபளக்குமாறு தேய்த்து மெருகேற்றினர்.

இவர்கள் அனைவரும் தமிழரல்லர். வங்காளியரும் பஞ்சாபியரும் மராத்தியரும் பிறரும் கலந்திருந்தனர். சென்னை மாகாணத்தினர் என்பதனாலேயே தமிழர் என்று முடிவு கட்டுதலும் தவறு. எனினும், அவர்களுள் தமிழ் பேசியோர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை.

புக்கித் தீமா இன்று நல்ல தார்ச்சாலை கண்ட குன்று. உயரம் ஏறத்தாழ 164 மீட்டர். சிங்கப்பூரின் இயற்கைக் குன்றுகளுள் இதனினும் உயர்ந்தது வேறில்லை. நம் பொதிகையையும் பழநியையும் கண்டவர்க்கு இது குன்றாகவே தோன்றாது. ஆனால், 1840களில் அது அச்சம் தரும் இடம். 1843இல் உச்சிக்குச் செல்லும் பாதை முடிந்தது. அதனைச் சூழ்ந்த காட்டில் புலிகள் திரிந்தன. மிளகும் காசுக்கட்டியும் பயிரிடக் காட்டை அழித்துச் சென்ற சீனத் தொழிலாளர் அவற்றுக்கு இரையாயினர். 1854இல் இங்கே தங்கி ஏறத்தாழ 700 வகை வண்டினங்களைத் திரட்டிய இயற்கை அறிஞர் வாலஸ், நாளொன்றுக்கு ஓர் உயிர் என்னும் கணக்கில் புலிகள் மனிதரைக் கொல்வதாக எழுதினார். கணக்கு மிகைப்பட்டிருக்கலாம்; அச்சம் மிகையன்று.

புலியை யார் வேட்டையாடுவது? அரசாங்கம் பரிசு அறிவித்தது. அத்துடன், கைதிகளுள் தேர்ந்தவர்களின் கையில் துப்பாக்கியைக் கொடுத்துச் சிறு சிறு குழுக்களாகக் காட்டுக்குள் அனுப்பியது. கைதிகளின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர், பெய்லிஸ் என்பவரோடு சேர்ந்து 1899இல் வெளியிட்ட நூல் இச்செய்தியைக் கூறுகிறது. ‘கைதிகளே தம் காவலர்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய அந்நூலை நம் பள்ளி நூலகங்கள் வாங்கி வைத்தல் நன்று. சற்றே எண்ணிப் பாருங்கள்: கடல் கடத்தப்பட்டவன் ஒருவன், துப்பாக்கியோடு காவலரின்றிக் காட்டுக்குள் செல்கிறான், மாலையில் சிறைக்கே திரும்பி வருகிறான். தப்பிச் செல்ல அவனுக்கு ஊர் ஏது? சுற்றிலும் கடல். கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங் பகுதியில் சுடப்பட்டது என்பர். அதற்குள் கைதி வேட்டைக்காரர் நினைவே மறைந்துவிட்டது.

1873இல் கைதி முறை முடிவுற்றது. தண்டனை தீராதோர் அந்தமானுக்கு அனுப்பப்பெற்றனர். விடுதலை பெற்றோருள் பலர் இங்கேயே தங்கினர். வண்டி ஓட்டினர், பசு வளர்த்தனர், குடும்பம் அமைத்தனர்.

இங்கே ஒரு மனத்தாங்கலைச் சொல்லியாக வேண்டும். 1819இல் ராஃபிள்சுடன் வந்த நாராயண பிள்ளையை நாம் விழாதோறும் நினைவுகூர்கிறோம். செங்கற் சூளை வைத்தவர், மாரியம்மன் கோயிலுக்கு வித்திட்டவர், நினைவுகூரத் தக்கவரே. ஆனால், அதே மேடையில் கைதிகளைப் பற்றி ஒரு வரி பேசினால் அவையில் சங்கடம் பரவுவதை யான் கண்டிருக்கிறேன். ஒரு பெரியவர் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, இதையெல்லாம் பிள்ளைகளிடம் சொல்லலாமா?” என்று கேட்டார். வணிகரின் வழித்தோன்றல் எனில் பெருமை. கைதியின் வழித்தோன்றல் எனில் இழுக்கு. இந்த எண்ணமே நம் வரலாற்றின் பாதியை மறைத்துவிட்டது. அன்று நாடு கடத்தப்பட்டோர் அனைவரும் கொலைஞரோ கொள்ளையரோ எனின், அதுவும் இல்லை. மருது சகோதரர் 1801இல் தூக்கிலிடப்பட்ட பின், அவர்களோடு நின்ற எழுபதுக்கு மேற்பட்டோர் 1802இல் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். கும்பினியின் ஏட்டில் அவர்களும் குற்றவாளிகளே. சிங்கைக்கு வந்தோருள் மெய்யாகவே குற்றம் செய்தோர் பலர் இருந்தனர், மறுக்கவில்லை. எனினும், அவர்கள் போட்ட சாலையில்தானே நாம் நடக்கிறோம்?

இனிப் பூமலைக்குச் செல்வோம். பயிர்த்தோட்ட முயற்சி முதலில் கேனிங் கோட்டைக் குன்றில் 1822இல் தொடங்கி, 1829இல் கைவிடப்பட்டது. தங்ளினில் இன்றுள்ள தோட்டம் 1859இல் வேளாண் தோட்டக்கலைக் கழகம் ஒன்றால் நிறுவப்பெற்றது. 1874இல் அரசாங்கத்தின் கைக்கு மாறியது. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. மணமக்கள் படம் எடுத்துக்கொள்ளும் இத்தோட்டத்திற்கும் தமிழர் தலையெழுத்துக்கும் உள்ள உறவைப் பலர் அறியார். 1877இல் இலண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் இங்கு வந்து சேர்ந்தன. 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்திற்குக் கேடு வராமல் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். தோட்ட முதலாளிகளிடம் இரப்பர் விதைகளைப் பயிரிடுமாறு வற்புறுத்திப் பலரது கேலிக்கும் ஆளானார். கேலி செய்தோர் பின்னர் இரப்பரில் பொருள் குவித்தனர். மலாயாக் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களுக்குத் தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் தமிழர் இலட்சக்கணக்கில் கப்பலேறினர். ஒரு கூடைக் கன்றுகள் ஓர் இனத்தின் திசையையே மாற்றின. பூமலையில் இரப்பர் மரத்தருகே நிற்கும் மாணவனிடம் இதனைக் கூறிப் பாருங்கள். அவன் அந்த மரத்தை வேறு கண்ணோடு பார்ப்பான்.

காடுகள் எவ்வாறு எஞ்சின? பூமலையின் மேற்பார்வையாளர் கேன்ட்லி தந்த அறிக்கையின் பயனாக, 1883இல் புக்கித் தீமா காப்புக்காடு ஆயிற்று. மெக்ரிச்சியைச் சூழ்ந்த காடு, நீர்ப்பிடிப்புக்காகக் காக்கப்பட்டது. நீர்த்தேக்கம் 1868இல் கட்டப்பெற்றது. வீடுகளுக்கு நீர் செல்ல மேலும் பத்தாண்டு பிடித்தது. குடிநீர் வேண்டுமென்ற தேவையே அங்குள்ள மரத்தைக் காத்தது. மரத்தின் மீதுள்ள அன்பன்று. 1980களில் புக்கித் தீமா விரைவுச்சாலை இவ்விரு காடுகளையும் பிரித்தது. விலங்குகள் கடப்பதற்கென 2013இல் அதன் குறுக்கே மரம் நட்ட பாலம் ஒன்று கட்டி முடிக்கப்பெற்றது. எறும்புத்தின்னிக்குக் கூடப் பாலம் கிடைத்துவிட்டது.

இக்காலத்தவர் விரும்பி நடக்கும் இன்னொரு பசுமை வழி, பழைய இரயில் தடம். 1903இல் தொடங்கிய இரயில்பாதை 1932இல் இடம் மாற்றி அமைக்கப்பெற்றது. 2011 ஜூன் 30 அன்று கடைசி வண்டி தஞ்சோங் பகாரை விட்டுச் சென்றது. இன்று 24 கிலோமீட்டர் நீளத்திற்குப் புல்லும் பறவையுமாய்க் கிடக்கும் அத்தடத்தில் தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்தனர். குவீன்ஸ்டவுன் வட்டாரத்து முனீஸ்வரன் கோயில் இரயில்வே ஊழியர் தொடங்கிய வழிபாட்டில் பிறந்தது. தண்டவாளம் போயிற்று, முனீஸ்வரன் இருக்கிறார்.

சிராங்கூன் சாலைக்கே மீள்கிறேன். அதன் பின்புறம் உள்ள ஃபேரர் பார்க் திடலில் 1843 முதல் 1933இல் புக்கித் தீமாவுக்கு மாறும்வரை குதிரைப் பந்தயம் நடைபெற்றது. அதே திடலில், 1942 பிப்ரவரி 17 அன்று, தோற்ற ஆங்கிலப் படையின் இந்தியச் சிப்பாய்கள் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். இந்திய தேசிய இராணுவத்தின் முதல் அழைப்பும் அப்புல்வெளியில்தான் ஒலித்தது. பின்னாளில் ஞாயிறு மாலைகளில் தமிழகத்திலிருந்து வந்த இளைஞர்கள் அவ்வட்டாரத்துப் புல்வெளிகளில் அமர்ந்து ஊருக்குத் தொலைபேசியில் பேசக் கண்டிருக்கிறேன். மறுநாள் காலை, பூங்காக்களின் புல்லை வெட்டப் போகிறவர்களும் அவர்களுள் இருந்தனர்.

சென்ற முறை மாணவரைப் புக்கித் தீமாவுக்கு அழைத்துச் சென்றபோது, முதலில் வீரமாகாளியம்மன் கோயில் முன் நிறுத்தினேன். சுண்ணாம்புக் கம்பத்தின் கதையைக் கூறினேன். உயர்நிலை இரண்டில் பயிலும் மாணவி ஒருத்தி, “ஐயா, இங்கே மலை இல்லையே, சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது?” என்றாள். கடலிலிருந்து என்றேன், சிப்பியும் பவளப்பாறையும் எரிந்தே சுண்ணாம்பு ஆயிற்று என்றேன். அக்காலத்தில் கடல் பீச் ரோடு வரை இருந்ததென்று கூறி, அத்திசையை நோக்கிக் கை காட்டினேன். அடுக்குமாடிகளே தெரிந்தன. பிள்ளைகள் நெடுநேரம் அத்திசையையே பார்த்துக்கொண்டிருந்தனர். பிறகு பேருந்து வந்தது, ஏறினோம்.